வால்மொறின் முருகனும் பழைய ரயில் பாதையும்

மொன்றியல் வாழ் தமிழ்க் குடும்பங்களில் வால்மொறின் என்ற பெயரைக் கேள்விப்படாத குடும்பம் இருக்குமோ தெரியாது. கோடை வந்ததும் காவடி எந்தக் கிழமை என்று விசாரிப்பதும், வானில் யார் யாருக்கு இடம் என்று கணக்குப் பார்ப்பதும், ரொறன்ரோவிலிருந்து வரும் உறவினரை இரவே வந்து நிற்கச் சொல்வதும் எம்மிடையே வழக்கமாகி விட்டது. விடியப் புறப்பட்டு, ஆசிரமத்து மேட்டில் ஏறி, முருகனையும் ஐயப்பனையும் கும்பிட்டு, அன்னதானம் உண்டு, பின்னேரம் வாகனத்தில் ஏறினால், அடுத்த கோடை வரைக்கும் அந்த ஊரின் நினைவு எவருக்கும் வருவதில்லை. பத்துத் தடவை, பதினைந்து தடவை போய் வந்தவர்களிடம் அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "கோயில் இருக்கு, வாகனம் விட இடம் இல்லை" என்பார்கள்.

உண்மையில் அது நல்லதொரு ஊர். மொன்றியலில் இருந்து 15ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 80 கிலோமீற்றர் சென்று 76ஆம் இலக்க வழியால் வெளியேறினால், ஒருபுறம் மூவாயிரம் பேரளவில் வாழும் வால்மொறின், மறுபுறம் ஐயாயிரம் பேரளவில் வாழும் வால்டாவிட். இரண்டையும் இணைத்து ஓர் ஆறும், ஒரு பழைய ரயில் பாதையும், காடும் குன்றுகளும் கிடக்கின்றன. இந்த இரு ஊர்களைப் பற்றிச் சுகாதாரப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம், எமது சமூகத்தில் அநேகமாக எல்லா வீடுகளிலும் குடியேறிவிட்ட சலரோகமே ஆகும்.

எமக்கு ஏன் கூடுதல் கவனம் வேண்டும்

தென்னாசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளியினரைவிட அதிகம் என்பதும், அது இளவயதிலேயே, அதிக பருமன் இல்லாத உடம்பிலும் வருகிறது என்பதும் பல ஆய்வுகளில் உறுதியான விடயம். எமது உடலில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் சேரும் தன்மை கூடியது. ஆகையால் எம்மவருக்கு இடுப்பளவின் எல்லையைக் குறைவாகவே வைத்துள்ளார்கள்: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். ஓர் அளவு நாடாவை எடுத்து வயிற்றை உள்ளே இழுக்காமல் அளந்து பாருங்கள். பலருக்கு அந்த எண் பிடிக்காது.

இதற்கு நடை எப்படி உதவுகிறது? நாம் உண்ணும் சோறும் புட்டும் பாணும் சீனியாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அந்தச் சீனியைத் தசைகளுக்குள் அனுப்புவதற்கு இன்சுலின் வேண்டும். சலரோகம் உள்ளவரின் தசைகள் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை வேலை செய்யும்போது, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்தில் உள்ள சீனியை இழுத்துக்கொள்ளும் வேறொரு வழி அதற்கு உண்டு. உடலின் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் இருப்பதால், நடப்பது அந்த வழியைத் திறப்பதற்கு மிகவும் இலகுவான முறை. நடந்து முடித்த பின்னும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை, தசைகள் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். அதன்பின் அந்தப் பயன் தேய்ந்துவிடும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் நடக்காமல் இருக்க வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். வருடத்தில் ஒரு நாள் மலையேறி விட்டு மிச்சம் 364 நாளும் சோபாவில் இருப்பவருக்கு, மலை ஏறிய புண்ணியம் கிடைக்கலாம், சீனி குறையாது.

கனடாவில் 2020இல் வெளியான வழிகாட்டலின்படி வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் சற்று மூச்சு வாங்கும்படியான உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடம் தேவை. "சற்று மூச்சு வாங்கும்படி" என்றால் என்ன? நடந்துகொண்டே பக்கத்தில் வருபவருடன் கதைக்க முடிய வேண்டும், ஆனால் தேவாரம் பாட முடியாமல் இருக்க வேண்டும். பாட முடிந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். கதைக்கவே முடியாவிட்டால் குறையுங்கள்.

விறகு வண்டியில் வந்த ரயில்

வால்மொறின், வால்டாவிட் வழியாகச் செல்லும் நடைபாதைக்கு 'பெத்தி திரேன் டு நோர்', அதாவது 'வடக்கின் சின்ன ரயில்' என்று பெயர். பெயருக்கு ஏற்ப அது ஒருகாலத்தில் ரயில் ஓடிய பாதையே. சென் ஜெரோமில் பங்குத் தந்தையாக இருந்த அந்துவான் லபெல் என்பவர், பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வேலை தேடி அமெரிக்காவுக்கு ஓடாமல் வடக்கில் குடியேற வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு ரயில் வேண்டும். 1872 சனவரியில் மொன்றியலில் கடும் குளிரில் ஏழைகள் விறகில்லாமல் தவித்தபோது, வடக்கிலிருந்து எண்பது வரையான பனிவண்டிகளில் விறகை ஏற்றி வந்து இலவசமாகக் கொடுத்தார். ரயில் இருந்தால் இந்த விறகு எவ்வளவு இலகுவாக வரும் பாருங்கள் என்று நகரப் பிரமுகர்களுக்குக் காட்டும் வித்தை அது. பலித்தது. 1876இல் சென் ஜெரோம் வரை, 1892இல் சென்ட் அகாத் வரை, 1909இல் மொன் லோறியே வரை ரயில் நீண்டது. லபெல் முன்னூறு இறாத்தலுக்கு மேல் நிறை கொண்ட மனிதர். 1891இல் தமது 57ஆவது வயதில் காலமானார். அவர் போட்ட பாதையில் இன்று நிறை குறைக்க விரும்புபவர்கள் நடக்கிறார்கள்.

நெடுஞ்சாலை வந்ததும் ரயிலின் மவுசு குறைந்தது. 1981இல் பயணிகள் சேவை நின்றது. பிறகு தண்டவாளங்களைக் கழற்றி, 1996இல் பூங்காப் பாதையாகத் திறந்தார்கள். சென் ஜெரோமிலிருந்து மொன் லோறியே வரை ஏறத்தாழ 200 கிலோமீற்றர். வால்டாவிட் அதில் 40ஆவது கிலோமீற்றர் அளவில் வருகிறது. கோடையில் நடக்கவோ சைக்கிள் ஓடவோ கட்டணம் கிடையாது. சில பகுதிகளில் தார், சில பகுதிகளில் இறுக்கிய பொடிக்கல்.

முழங்கால் நோ உள்ளவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே மலைநாட்டின் நடுவே இருந்தும் இந்தப் பாதை கிட்டத்தட்டச் சமதரை போன்றது. படி இல்லை, வேர் தடக்காது, தள்ளுவண்டியில் குழந்தையையும் கொண்டு போகலாம், ஊன்றுகோலுடன் அம்மம்மாவையும் கூட்டிப் போகலாம். மெல்லிய சரிவு ஒன்று மட்டும் உண்டு: வால்டாவிட்டிலிருந்து தெற்கே போகும்போது பாதை இறங்குகிறது, வடக்கே சென்ட் அகாத் பக்கம் ஏறுகிறது. தெரியாமல் தெற்கே உற்சாகமாக நடந்துவிட்டுத் திரும்பி வரும்போது களைத்துப் போவோர் பலர். முதலில் வடக்கே இருபது நிமிடம் நடந்து, அங்கிருந்து திரும்பினால் வரும் வழி இறக்கமாக இருக்கும். நாற்பது நிமிடமும் முடிந்துவிடும். 

ஊரிலிருந்து பெற்றோரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கோயிலுக்கும் சந்தைக்கும் கிணற்றடிக்கும் என்று நாள் முழுக்க நடந்து திரிந்த மனிதர், இங்கே மூன்றாம் மாடி அறையில் பேரப்பிள்ளையையும் தொலைக்காட்சியையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார். வந்து இரண்டு வருடத்தில் சீனி, பிரஷர், கால் வீக்கம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. உணவு மாறியதுதான் காரணம் என்கிறோம். ஊரில் அவர் நடந்த நடை நின்று போனதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

காவடி நாளில் கவனிக்க வேண்டியவை

வால்மொறின் ஆசிரமம் 1960களின் தொடக்கத்தில் சுவாமி சிவானந்தரின் சீடர் ஒருவரால் அமைக்கப்பட்டது. சிவானந்தர் 1887இல் திருநெல்வேலிப் பக்கத்தில், பாய்க்குப் பெயர்போன பத்தமடையில் பிறந்தவர். தஞ்சாவூரில் மருத்துவம் பயின்று, மலாயாவில் பத்து ஆண்டுகள் தோட்டத் தொழிலாளரிடையே வைத்தியம் பார்த்த பிறகே துறவியானவர். அந்த ஆசிரமத்தின் ஐந்து கொள்கைகளில் முறையான உடற்பயிற்சி, முறையான சுவாசம், முறையான ஓய்வு, முறையான உணவு என்று நான்கு சுகாதார விடயங்களாகவே இருப்பதில் வியப்பில்லை. (உணவு என்றதும் ஞாபகம் வருகிறது: அங்கே மச்சம், முட்டை, மது எதுவும் கூடாது. வானில் கோழி ரோல்ஸ் வைத்திருப்பவர்கள் ஆசிரம எல்லைக்குள் அதைத் திறக்க வேண்டாம்.)

திருவிழா நாளில் சலரோகக்காரருக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது விரதம். இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிளசைட், கிளைபியூரைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றுடன் மலையேறினால் சீனி திடீரென இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் அதன் அறிகுறிகள். கூட்டத்தில் இதைப் பார்ப்பவர்கள் உரு வந்துவிட்டது என்று நினைத்து விலகி நின்று கும்பிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. சந்தேகம் வந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, முக்கால் கோப்பைக்குச் சற்றுக் குறைந்த பழச்சாறோ குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் இருத்தி, திரும்பவும் பார்க்க வேண்டும். நினைவு இழந்தவருக்கு வாயால் எதையும் கொடுக்கக்கூடாது, 911ஐ அழையுங்கள். விரதம் இருக்க விரும்புபவர்கள் ஒரு கிழமைக்கு முன்பே குடும்ப வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்வது நல்லது. தாமாக மருந்தை நிறுத்துவதும், விரதத்தோடு முழு மருந்தையும் போடுவதும் இரண்டும் பிழை.

இரண்டாவது கால். பல வருடம் சீனி இருந்தவர்களின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெறுங்காலுடன் சுடும் தாரிலும் சரளையிலும் நடந்து கொப்புளம் வந்தாலும், கல் குத்தினாலும் தெரியாது. வீடு வந்து மூன்றாம் நாள் காலுறையில் ஈரம் பட்டபிறகுதான் புண் கண்ணில் படும். உணர்ச்சி குறைந்த காலுடையவர்கள் வீதியிலும் ஊர்வலத்திலும் சப்பாத்து அணிந்து வந்து, சன்னிதியில் மட்டும் கழற்றலாம். முருகன் அதற்குக் கோபிக்க மாட்டார். இரவு வீடு திரும்பியதும் விரல் இடுக்குகளையும் குதிக்காலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், கண் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அன்னதானத்துக்குப் பிறகு, வானின் நிழலில் பாய் விரித்துப் படுப்பதற்குப் பதிலாக, பதினைந்து நிமிடம் பழைய ரயில் பாதையில் நடந்து வாருங்கள். சாப்பிட்ட உடன் ஏறும் சீனியைக் குறைப்பதற்குச் சாப்பிட்ட பின் நடக்கும் சிறு நடை மிகவும் பொருத்தமானது. சோறும் பாயசமும் உண்ட நாளில் அது இன்னும் பொருந்தும்.

கோயிலுக்கு அப்பால் என்ன உண்டு

வால்டாவிட் ஊரில் கிழக்குக் கனடாவின் பாறையேறும் கலை வளர்ந்தது என்று சொல்வார்கள். மொன் கிங், மொன் கொண்டோர், மொன் சேசேர் என்ற குன்றுகளின் செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏறுபவர்களைக் கீழே நின்று பார்ப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை. இக்குன்றுகள் இருப்பது வால்டாவிட்-வால்மொறின் பிரதேசப் பூங்காவில். டுபிரேன் என்ற பகுதி வால்டாவிட் பக்கமாகவும், ஃபார் ஹில்ஸ் என்ற பகுதி வால்மொறின் பக்கமாகவும் உள்ளன. இங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. காட்டுப் பாதைகளில் ஏற்றமும் வேரும் கல்லும் இருப்பதால், ரயில் பாதையில் ஒரு மாதம் நடந்து பழகியவர்கள் அடுத்த படியாக இங்கே வரலாம். நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும், சலரோகத்தால் கண்ணில் இரத்தக் கசிவு உள்ளவர்களும் ஏற்றப் பாதைகளில் போகமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும். ஏறும்போது நெஞ்சில் பாரம், தாடை அல்லது இடக்கையில் நோ, காரணமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் உடனே நில்லுங்கள். "வாய்வு" என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். சலரோகம் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மாரடைப்பு நோவே இல்லாமலும் வரும். அவசர சிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலை அயலூரான சென்ட் அகாத்தில் உண்டு. ஆனாலும் 911ஐ அழைத்து அம்புலன்சில் போவதே சரி.

இங்கு வரும் குடும்பங்கள் விரும்பும் இன்னொன்று வள்ளம். ரிவியேர் டு நோர் என்ற ஆறு வால்டாவிட்டிலிருந்து வால்மொறினின் லக் ரேமோன் ஏரி வரை ஆறுதலாக வளைந்து வளைந்து போகிறது. வாடகைக்கு வள்ளம் எடுத்து ஆற்றோடு இறங்கி, ரயில் பாதையால் சைக்கிளில் திரும்பி வரலாம். கைக்கும் வேலை, காலுக்கும் வேலை. கோடைச் சனிக்கிழமை காலைகளில் வால்டாவிட்டில் விவசாயிகள் சந்தை கூடுகிறது. எமது அம்மாமார் மரக்கறி பார்க்கும்போது எவ்வளவு நேரம் நடந்தாலும் களைப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்து அந்த நேரத்துக்குப் போகலாம். 1989இல் தொடங்கிய 'ஆயிரத்தொரு பானைகள்' என்ற மட்பாண்டக் கண்காட்சியும் இந்த ஊருக்கு உரியது. சின்னப் பிள்ளைகளுக்கு 1953 முதல் இயங்கும் நத்தார் தாத்தாவின் கிராமம் உண்டு. அதைப்பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லுவார்கள்.

தண்ணீர், உண்ணி, மூன்று இலை

ஏரியைக் கண்டதும் இறங்க வேண்டும் என்ற ஆசை எமது இளைஞர்களுக்கு உண்டு. நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. கனடாவில் நீரில் மூழ்கி இறப்பவர்களைப் பற்றி ஆராயும் அமைப்புகள், புதிதாகக் குடியேறியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன. இங்குள்ள ஏரிகளில் கரையிலிருந்து நாலடி தாண்டியதும் தரை திடீரெனத் தாழ்ந்துவிடும். யூன் மாதத்தில் மேற்பரப்பு இளஞ்சூடாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் ஐஸ் போல இருக்கும். அந்தக் குளிர் பட்டதும் மூச்சு திணறும், அந்தத் திணறலில் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுவார்கள். வள்ளத்தில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை வள்ளத்துக்குள் போட்டு வைத்தால் போதாது, உடலில் அணிந்து பட்டியை இறுக்க வேண்டும். உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். பியர் குடித்துவிட்டு ஏரியில் பாய்வது பற்றி எழுத வேண்டிய நிலை இல்லாதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே நடுப்பகுதி முதல் யூன் நடுப்பகுதி வரை கரும் ஈக்கள் இங்கு மிகவும் தொல்லை கொடுக்கும்; நுளம்பு அதன் பிறகும் இருக்கும். மெல்லிய நிற நீளக் காற்சட்டை, நீளக் கை, பூச்சி விரட்டும் தெளிப்பு மூன்றும் வேண்டும். குழந்தைகளுக்கு எந்த வயதில் எவ்வளவு என்று போத்தலில் எழுதியிருப்பதை வாசித்த பின் தெளியுங்கள். உண்ணியால் பரவும் லைம் நோய் தெற்குக் கியூபெக்கில் கூடி வருகிறது. மொன்றியலுக்குத் தெற்கே மொந்தெரெஜி, எஸ்திரி பகுதிகளில் அதிகம் என்றாலும், வடக்கே போகும்போதும் கவனம் தேவை. வீடு வந்ததும் முழங்காலின் பின்புறம், கவட்டுப் பகுதி, அக்குள், காதின் பின்புறம், தலைமயிர் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் ஊற்றுவது, நெருப்புக் குச்சியால் சுடுவது வேண்டாம். நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தில் பரந்து செல்லும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் வைத்தியரைப் பாருங்கள். எமது தோல் நிறத்தில் அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியாது, கருமையாகவோ ஊதாவாகவோ தோன்றலாம் என்பதை வைத்தியருக்கும் சொல்லி வைப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் 811ஐ அழைத்து எந்நேரமும் தாதியிடம் கேட்கலாம்.

பாதையோரத்தில் ஒரே காம்பில் மும்மூன்று இலையாக நிற்கும் செடியைப் பிள்ளைகள் தொட வேண்டாம். நஞ்சுப் படர்கொடியாக இருந்தால் இரண்டு நாளில் கொப்புளமும் கடியும் வரும். வில்வம் என்று நினைத்துப் பறித்துவிட வேண்டாம்.

குளிர்காலத்திலும் போகலாம்

நவம்பர் வந்ததும் எம்மவர் நடையை மூட்டை கட்டி விடுகிறார்கள். மே வரை ஆறு மாதம். மேலே சொன்ன இரண்டு நாள் கணக்கைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இடைவெளி என்று புரியும். வெயில் தாழ்ந்துபோகும் அந்த மாதங்களில் எமது தோலால் விற்றமின் டியையும் உண்டாக்க முடியாது; கருமையான தோலுக்குக் கோடையிலேயே கூடுதல் வெயில் வேண்டும். அதற்குக் குளிசை உண்டு, வைத்தியரைக் கேட்டு எடுக்கலாம். நடைக்குக் குளிசை இல்லை.

லோரன்சியன் மலைகளில் குளிரைப் பயன்படுத்திய மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹேர்மன் சிமித்-யொஹான்சன் 1875இல் நோர்வேயில் பிறந்தவர். எம்மைப் போலவே வெளிநாட்டிலிருந்து வந்து மொன்றியலில் தொழில் செய்தவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் தொழில் நொடித்துப்போக, மலைப்பக்கம் சென்று, பனிச்சறுக்கில் நீள நடப்பதற்கான பாதைகளைக் கையாலே காடு வெட்டி அமைத்தார். சென் ஜெரோமுக்கு வடக்கே தொடங்கி லபெல் வரை நூறு கிலோமீற்றருக்கும் மேலான 'மேபிள் இலைப் பாதை' அவருடையது. எல்லோரும் அவரை 'ஜாக்றாபிற்' என்று அழைத்தார்கள், காட்டு முயல். நூறு வயது கடந்தும் பனிச்சறுக்குக் கட்டைகளில் நின்றவர். 1987இல் 111ஆவது வயதில் காலமானார். எல்லோருக்கும் அப்படி ஆயுள் வாய்க்காது, பரம்பரையும் சேர்ந்துதான் அது. ஆனால் அறுபது வயதில் "இனி என்ன" என்று கதிரையில் அமர்பவர்களுக்கு அவர் கதையைச் சொல்லத் தோன்றுகிறது.

நூறு வருடத்துக்கு முன் இதே மலைகளுக்கு நோயாளிகள் காற்று மாற்றத்துக்காக ரயிலில் வந்தார்கள். மொன்றியலின் தையல் தொழிற்சாலைகளில் நெருக்கமாக இருந்து வேலை செய்த யூதக் குடியேறிகளிடையே காசநோய் பரவியபோது, அந்தச் சமூகத்தினர் தாமே பணம் சேர்த்து, சென்ட் அகாத் அருகே மவுன்ற் சினாய் என்ற சுகவனத்தைக் கட்டினார்கள். அதே பெயரில் இன்று மொன்றியலில் கொட் சென் லுக்கில் வைத்தியசாலையாக அது இயங்குகிறது. பிறகு 1983க்குப் பின் வந்த எம்மவரில் எத்தனையோ பேர் ஷாபனெல் வீதியின் தையல் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். அவர்களுக்கு வந்தது காசநோயல்ல, வேறு நோய்கள். ஆனால் தமது நோய்க்குத் தாமே வழி தேடிய அந்தச் சமூகத்தை நாம் அறிந்திருப்பது நல்லது.

குளிர்கால நடைக்கு மிக இலகுவானது பனிச்சப்பாத்து. சறுக்கு விளையாட்டுப் போலப் பழக வேண்டியதில்லை, நடக்கத் தெரிந்தால் போதும், வாடகைக்கும் கிடைக்கும். பழைய ரயில் பாதையின் தெற்குப் பகுதியில் குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தடம் போடுவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு, சறுக்குத் தடத்தின் மேல் காலால் நடந்து அதைக் கெடுக்கவும் கூடாது. பருத்தி உடுப்பு வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிரவைக்கும், ஆகவே உள்ளே கம்பளியோ செயற்கை நூலோ அணிந்து, அதன்மேல் சுவெற்றர், அதன்மேல் காற்றுப் புகாத ஜக்கெற் என்று அடுக்கிக்கொள்ள வேண்டும். பெரிய குளிர் ஜக்கெற் ஒன்றுக்குள் மெல்லிய சேட்டோடு புறப்படுவதுதான் எம்மவர் வழக்கம். நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்குக் கடுங்குளிர்க் காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அந்த நாட்களில் கடைத்தொகுதிக்குள் நடந்தால் போதும். இன்சுலினையும் சீனி பார்க்கும் கருவியையும் பைக்குள் விடாமல் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், உறைந்தால் பயன்படாது.

வாகனம் இல்லாதவர்களுக்கு

பார்க் எக்ஸ்ரென்சனில் இருப்பவர்கள் இதற்கு வாகனம் தேட வேண்டியதில்லை. பார்க் மெற்றோவோடு சேர்ந்திருக்கும் ரயில் நிலையத்திலிருந்து சென் ஜெரோம் வரை ரயில் ஓடுகிறது. 2007 முதல் அந்தச் சேவை உண்டு. சென் ஜெரோம் நிலையத்தில் இறங்கினால் பெத்தி திரேன் டு நோரின் முதலாவது கிலோமீற்றர் அங்கேயே தொடங்குகிறது. வால்டாவிட் வரை போக நேரமில்லை என்றால் அங்கேயே வடக்கு நோக்கி நடக்கலாம். அருகில் ரிவியேர் டு நோர் பூங்காவில் வில்சன் நீர்வீழ்ச்சியும் உண்டு. மேலே போக விரும்புபவர்களுக்குச் சென் ஜெரோமிலிருந்து மொன் ட்ரொம்ப்லான் பக்கம் செல்லும் பிரதேசப் பேருந்து இருக்கிறது. வார இறுதியில் ரயில்கள் குறைவு, ஆகையால் போகும் ரயிலைப் பார்ப்பதற்கு முன் திரும்பி வரும் ரயிலின் நேரத்தைப் பார்த்துக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். சைக்கிள் கொண்டு போவதற்கும் நேர விதிகள் உண்டு. தண்ணீர்ப் போத்தல், பழம் இரண்டு, அவித்த கடலை ஒரு பெட்டி, சீனி மருந்து எடுப்பவருக்குப் பழச்சாறு ஒரு பெட்டி, மாற்றுக் காலுறை ஒரு சோடி போதும். அவ்வளவு தூரம் போக இயலாத வார நாட்களுக்கு மொன்றியலின் நடுவே மலை இருக்கிறது. மொன் றோயலின் பெரிய பாதையும் மெல்ல மெல்ல ஏறுவதுதான், முழங்கால் அதையும் தாங்கும்.